கட்டங்களுக்கு இடையே ஓடும் கோடுகள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தென்காசி மாவட்டத்து வாசகர்கள் நாளிதழில் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டப் பட்டியலைத்தான். கடனா அணையின் முழு உயரம் 85 அடி, இராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி. ஒவ்வொன்றின் எதிரிலும் அன்றைய மட்டம். ஐந்தே வரிகள். ஐயத்துக்கு இடமில்லாத எண்கள்.

ஆனால், அந்தப் பட்டியல் ஒன்றைச் சொல்வதில்லை. இந்த ஐந்து அணைகளின் உபரிநீரும் ஒரே வழியில் செல்வதில்லை. கடனா நதியும் அதனுடன் சேரும் இராமநதியும் திருப்புடைமருதூரில் தாமிரவருணியில் கலக்கின்றன. அந்த நீர் சேரன்மகாதேவியைக் கடந்து திருநெல்வேலி மாநகரின் ஊடே ஓடுகிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி ஆகிய மூன்றின் நீரும் சிற்றாற்றை வந்தடைகிறது. சிற்றாறு தாமிரவருணியைச் சந்திக்கும் இடமோ திருநெல்வேலிக்கும் கீழே உள்ள சீவலப்பேரி. ஆகவே, கடனா நிரம்பி வழிந்தால் நெல்லையின் கரையோரத் தெருக்கள் விழித்திருக்க வேண்டும். அடவிநயினார் நிரம்பி வழிந்தால் அத்தெருக்களுக்கு அதனால் அச்சமில்லை; விழித்திருக்க வேண்டியவர்கள் சீவலப்பேரிக்குக் கீழே, ஸ்ரீவைகுண்டம் வரை உள்ளவர்கள். பட்டியலில் ஐந்தும் உடன்பிறந்தவைபோல் நிற்கின்றன. தரையில் அவை இரண்டு குடும்பங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்ததை நாடே பார்த்தது. அந்த நாள்களில் ஒவ்வொரு ஊராரும் கேட்ட கேள்வி, 'எந்த அணையில் எவ்வளவு' என்பதைக் காட்டிலும் 'அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வருமா' என்பதுதான். முதல் கேள்விக்குப் பட்டியல் போதும். இரண்டாவது கேள்விக்கு, எது எதனுடன் இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் படம் வேண்டும்.

இத்தகைய படங்களை இன்று கணினியில் வரைகிறார்கள். 1992-இல் வெளிவந்து 2000-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வசமான 'விசியோ' முதல், இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 'டிரா.ஐ.ஓ.' வரை பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றின் இலக்கணம் எளியது. பொருள் ஒரு கட்டம். உறவு ஒரு கோடு. மருத்துவமனையின் பணி ஓட்டம், வங்கியின் கணினிக் கட்டமைப்பு, மின்வாரியத்தின் கம்பித்தடம், ஆற்றுப் பாசனம் எல்லாம் இந்த இலக்கணத்துக்குள் அடங்கிவிடும். கட்டங்கள் இருபது வரை இருந்தால் யாரும் வரையலாம், யாரும் படிக்கலாம். இருநூறு ஆகும்போது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிக்குப் பிடித்த நூல்போல் ஆகிவிடுகின்றன. கட்டத்துக்குள் எழுதிய பெயர்கள் அப்போதும் படிக்கத் தெளிவாகவே இருக்கும். தொலைந்துபோவது உறவு.

இது பழைய நோய். பொருளியலில் முதல் ஓட்டப்படத்தை வரைந்தவர் பிரெஞ்சு அரசவை மருத்துவர் கெனே. 1758-இல் அவர் வெளியிட்ட 'பொருளாதார அட்டவணை', நிலவுடைமையாளர், உழவர், கைவினைஞர் ஆகியோரிடையே பணம் சுற்றி வருவதைக் குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் காட்டியது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தை ஒரே பக்கத்தில் காட்டிய மாபெரும் முயற்சி அது. வகுப்பில் கரும்பலகையில் அதை வரைந்து முடித்துத் திரும்பினால் மாணவர்களின் முகத்தில் தெரிவது வியப்பாக இருக்காது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்ற திகைப்பாகவே இருக்கும். இரு நூற்றாண்டுக்குப் பின், 1949-இல், பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் லண்டன் பொருளியல் பள்ளியில் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். கண்ணாடிபோன்ற குழாய்களிலும் தொட்டிகளிலும் சாயமிட்ட நீர் ஓடும். வரியைக் கூட்டினால் ஒரு குழாய் பெருகும், நுகர்வுக் குழாய் மெலியும். கெனேயின் கோடுகளைப் பார்த்து விழித்தவர்களுக்கும் பிலிப்ஸின் நீர் புரிந்தது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததே காரணம்.

கோடுகள் ஏன் கண்ணைக் குழப்புகின்றன என்பதை ஆய்வாளர்கள் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். படத்தின் சமச்சீர், கோடுகளின் வளைவு எனப் பலவற்றையும் ஒப்பிட்ட ஹெலன் பர்ச்சேஸ், 1997-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பவரை மிகுதியும் இடறச் செய்வது கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதே என்று கண்டார். பின்னர் வந்த ஆய்வுகள் இதை நுணுக்கமாக்கின. கோடுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் கண் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. சிறு கோணத்தில் ஒட்டி உரசிச் செல்லும்போதுதான் ஒன்றைத் தொடர்ந்த பார்வை மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறது. ஒடியாமல் வழுக்கிச் செல்லும் கோட்டைக் கண் விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதும் தெரியவந்தது. மார்கழி மாதத்தில் வாசலில் சிக்குக் கோலம் இடுகிற பெண்களுக்கு இது செய்தியே அல்ல. புள்ளிகளைச் சுற்றி ஒரே கம்பி எத்தனை முறை தன்னைத் தானே வெட்டிக்கொண்டாலும், வெட்டும் இடத்தில் நேராகக் கடந்து, வளையும் இடத்தில் மெல்ல வளைவதால், விரலை வைத்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம்.

இங்கே பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவை கலக்கின்றனவா, கடந்து போகின்றனவா?

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பார்க்கலாம். பறளியாற்றின் மேலே, 115 அடி உயரத்தில், பட்டணங்கால் வாய்க்காலின் நீரை ஒரு தொட்டி வழியாக ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கொண்டுசெல்கிறது அது. 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. கீழே ஆறு, மேலே வாய்க்கால். ஒரு சொட்டு நீரும் கலப்பதில்லை. ஆனால், அந்த இடத்தைத் தாளில் இரண்டு கோடுகளாக வரைந்தால் கூட்டல் குறிபோல் ஒரு வடிவம்தான் கிடைக்கும். அதைப் பார்க்கும் புதியவர், வாய்க்கால் ஆற்றில் விழுகிறது என்றே கொள்வார். விளவங்கோடு வட்டத்துக்குப் போக வேண்டிய பாசன நீரைத் தாளிலேயே ஆற்றில் கரைத்துவிடுவார்.

மின்சுற்று வரைபவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கலக்கும் இடத்தில் ஒரு தடித்த புள்ளி. கடந்து செல்லும் இடத்தில் ஒரு கோடு மற்றொன்றின்மேல் அரைவட்டமாகத் தாவும். மென்பொருள்களில் இந்தத் தாவலுக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்துவிட்டால், கோடுகள் எங்கெல்லாம் வெட்டிக்கொள்கின்றனவோ அங்கெல்லாம் மென்பொருளே சிறு பாலம் ஒன்றை எழுப்பிவிடும். விரும்பினால் பாலத்துக்குப் பதிலாகக் கீழ்க்கோட்டில் சிறு இடைவெளி விடும். இந்த வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதேயில்லை. தாளில் எழும் அந்தச் சிறு அரைவட்டம் தொட்டிப்பாலத்தின் படமேதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கோளாறு, இதைவிடக் கெடுதல் செய்வது. மென்பொருளில் ஒரு கோட்டின் முனையைக் கட்டத்தின் விளிம்புவரை இழுத்துவிட்டால் அது இணைந்ததுபோலவே தெரியும். ஆனால், முனையைக் கட்டத்தின் இணைப்புப் புள்ளியில் பொருத்தினால்தான் அது உண்மையில் ஒட்டும். ஒட்டிய கோடு, கட்டத்தை நகர்த்தினால் கூடவே நகரும். ஒட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் கோடு, கட்டம் நகர்ந்ததும் வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்கும். அதைவிடத் தொல்லை, அருகில் வேறொரு கட்டம் வந்து அமர்ந்துவிட்டால் அதனுடன் இணைந்ததுபோல் தோற்றம் தருவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு கணினிக்கு மட்டும் தெரியும். வருவாய்த் துறை வரைபடத்தில் நீல நிறத்தில் அழகாக ஓடும் வரத்துக்கால், தரையில் பாதி வழியில் கருவேலம் மண்டி மேடாகிக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடு குளத்தைத் தொடுகிறது; நீர் குளத்தை எட்டுவதில்லை.

சிற்றாற்றுப் பாசனம் இந்த வகைப் படத்துக்கு மிகப் பொருத்தமான களம். குற்றாலமலையில் பிறந்து, தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி என இறங்கித் தென்காசிச் சமவெளிக்கு வரும் சிற்றாற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள் உள்ளன. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கால்வாயிலிருந்து குளங்கள் நிரம்புகின்றன. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு நீர் போகிறது. வீரகேரளம்புதூர் அருகே அனுமன்நதி வந்து சேர்ந்தபின் இன்னும் சில கால்வாய்கள். ஒரே குளத்துக்கு ஆற்றுக் கால்வாய் நீரும் வரலாம், மேற்குளத்தின் மறுகால் நீரும் வரலாம், மேல் வயல்களின் வடிநீரும் வரலாம். மூன்றும் மூன்று வகை உறவுகள். முதலாவது, ஆற்றில் நீர் வந்தால் கிடைப்பது. இரண்டாவது, மேலே உள்ளவர் நிறைந்தபின் கிடைப்பது. மூன்றாவது, மேலே உள்ளவர் பயிரிட்டால் கிடைப்பது.

நீர்வளத் துறைப் பொறியாளர்கள் இவற்றுக்குக் கோட்டுப் படம் வைத்திருக்கிறார்கள். நடுவே ஆறு ஒரு நேர்கோடு. இடமும் வலமும் கால்வாய்கள். குளங்கள் சிறு வட்டங்கள். சிக்கனமும் துல்லியமும் கொண்ட, தொழில் தெரிந்தவர்களின் படம். அதில் மேற்சொன்ன மூன்று உறவுகளையும் ஒரே தடிமனில், ஒரே மையில் வரைந்துவிட்டால் வெளியாள் ஒருவருக்கு வேறுபாடு பிடிபடாது. வரத்துக்காலுக்கு முழுக்கோடு, மறுகாலுக்கு விட்டுவிட்ட கோடு, வடிநீருக்குப் புள்ளிக்கோடு என்று பிரித்துவிடலாம். நிறத்தால் பிரிப்பதையும் மென்பொருள்கள் அனுமதிக்கின்றன. ஆனால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே உண்டு. அதோடு, நம் அலுவலகங்களில் எந்த வண்ணப் படமும் இறுதியில் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைக்கு வரும். கோட்டின் வடிவம் ஜெராக்ஸில் பிழைக்கும், நிறம் பிழைக்காது.

அருவிகளைப் பற்றியும் ஒரு சொல். 'பேரருவியில் குளிக்கத் தடை, ஐந்தருவியில் அனுமதி' என்ற செய்தி வரும்போது வெளியூர்ப் பயணிகள் வியப்பார்கள். குற்றாலம் அவர்களுக்கு ஒரே இடம். உண்மையில் பேரருவி ஒரு நீரோட்டத்தின் கோட்டில் இருக்கிறது, ஐந்தருவி வேறொன்றின் கோட்டில். இரண்டும் கீழேதான் சேர்கின்றன. பழைய குற்றாலம் இவ்விரண்டிலும் சேராத இன்னொரு கோடு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. மலைமேல் மழை, கீழே வெள்ளம் என்ற இரண்டு கட்டங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இணைக்கும் கோட்டின் மீது எழுதப்பட வேண்டியது ஒரு நேரம்: இத்தனை நிமிடம். கோடு இருக்கிறதா என்பதுடன், அது எவ்வளவு நீளம், எவ்வளவு விரைவு என்பதையும் படம் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு.

பெரிய படத்தில் ஓர் இணைப்பை மட்டும் தேடுகிறவருக்கு மென்பொருள் செய்யக்கூடிய பேருதவி, மற்றவற்றை மங்கச் செய்வது. ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அதனுடன் தொடர்புள்ள கோடுகள் மட்டும் ஒளிரும். பிற யாவும் சாம்பல் நிறமாகப் பின்வாங்கும். மேல்நோக்கிக் கேட்டால் நீர் எங்கிருந்து வருகிறது என்ற பாதை முழுவதும் தெரியும். கீழ்நோக்கிக் கேட்டால் எங்கெல்லாம் போகிறது என்பது தெரியும். புவித் தகவல் மென்பொருள்கள் ஆற்று வலைப்பின்னலில் இதை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. ஓர் உழவர் தம் ஊர்க் குளத்தைக் கைப்பேசியில் தொட்டால், இடையிலுள்ள ஒவ்வொரு மறுகாலும் மதகும் அணைக்கட்டும் ஒளிர்ந்து மலைவரை ஒரே கம்பியாகத் தெரிய வேண்டும். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டும் படம், பொறியாளரின் சுவரில் தொங்கலாம். மக்களுக்கு வேண்டியது அவரவர் கம்பி.

இதுபோன்றே பயன்தருவது அடுக்குமுறை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல், கார் பருவத்து நீர்ப்பங்கீடு ஓர் அடுக்கு, பிசானப் பருவத்தினுடையது மற்றோர் அடுக்கு, வெள்ளக் காலத்தினுடையது இன்னோர் அடுக்கு. வேண்டியதை விரித்து, வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம்.

கட்டங்களை எங்கே வைப்பது என்பதைக் கணினியிடமே விட்டுவிடலாமா? விடலாம். 1981-இல் ஜப்பானியர் சுகியாமாவும் அவருடைய துணைவர்களும் வகுத்த முறையில், அம்புகள் எல்லாம் ஒரே திசையில் இறங்குமாறு கட்டங்களைப் படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் வரிசையை மாற்றி மாற்றி வெட்டுகளைக் குறைப்பார்கள். பெல் ஆய்வகத்தில் உருவான 'கிராப்விஸ்' இம்முறையைப் பரவலாக்கியது. எப்போதும் மேலிருந்து கீழே ஓடும் ஆற்றுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆயினும், வெட்டுகளை மிகக் குறைந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவருவது பெரிய படங்களில் கணினிக்கே கைக்கெட்டாத கணக்கு என்பதை 1983-இல் கேரி, ஜான்சன் ஆகியோர் நிறுவினர். மென்பொருள் தருவது நல்ல விடை. ஆகச் சிறந்த விடை என்பதற்கு உறுதி இல்லை. எனக்கு இதில் வேறொரு மனக்குறை உண்டு. ஒரு குளத்தைப் புதிதாகச் சேர்த்தவுடன் கணினி படம் முழுவதையும் கலைத்து மறுபடி அடுக்கிவிடும். நேற்றுவரை இடப்பக்கம் இருந்த தென்காசி இன்று வலப்பக்கம் போய்விடும். படத்தைப் பார்த்துப் பழகியவரின் நினைவும் ஒரு சொத்து. மேற்கே மலை, கிழக்கே சீவலப்பேரி என்ற அமைப்பை மாற்றாமல் நிறுத்திவைத்து, எஞ்சியதை மட்டும் கணினியிடம் விடுவதே சரி என்பேன்.

இடத்தைப் பற்றிய பேச்சில் லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் வரைந்து, 1933-இல் அச்சாகி வெளிவந்தது. மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகிய கை அவருடையது. தண்டவாளத்தின் உண்மையான நெளிவுகளை விட்டுவிட்டு, படுக்கை, நிமிர், சாய்வு என மூன்றே வகைக் கோடுகளில் நகரை அடக்கினார். நிலையங்களுக்கிடையே சம இடைவெளி விட்டார். உலகமெங்கும் மெட்ரோ படங்கள் இன்றும் அவர் வழியில்தான் வரையப்படுகின்றன. இணைப்பைத் தெளிவாக்க அவர் கொடுத்த விலை தொலைவு. ரயிலில் அமர்ந்திருப்பவருக்கு அது பெரிய இழப்பில்லை, உட்கார்ந்திருந்தால் போய்ச்சேர்ந்துவிடலாம்.

நீர் அப்படிப் போய்ச்சேர்வதில்லை. வழியில் மண் குடிக்கும், வெயில் குடிக்கும், அனுமதியில்லாத மோட்டார் குடிக்கும். பெக் பாணியில் வரைந்த பாசனப் படத்தில் தலைமடைக் குளமும் கடைமடைக் குளமும் ஆற்றிலிருந்து ஒரே ஒரு கோட்டுத் தொலைவில் இருக்கும். சிற்றாற்று நீரை நம்பியிருக்கும் மானூர்ப் பெரியகுளத்துக்கு நெடுந்தொலைவு கால்வாயில் நீர் வர வேண்டும். ஆற்றங்கரையில் உள்ள குளத்துக்கும் அதற்கும் படத்தில் ஒரே அளவுக் கோடு என்றால், கூட்ட அறையில் அமர்ந்து பங்கீட்டை முடிவுசெய்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும். அத்தனை நாள் திறந்துவிட்டோமே, ஏன் இன்னும் நிரம்பவில்லை என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. கோட்டை நேராக்கலாம், கோட்டின்மேல் அதன் கிலோமீட்டரை எழுதாமல் விடக் கூடாது.

கோடுகளையே கைவிட வேண்டிய நிலையும் உண்டு. பொருளியல் படித்தவன் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாட்டின் தொழில்களில் எது எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைக் கோடுகளால் வரைந்தால் தாளே கறுத்துவிடும். எல்லாம் எல்லாவற்றிடமும் வாங்குகின்றன. வாசிலி லியோன்டீஃப் அதைக் கட்ட அட்டவணையாக்கினார். விற்கும் துறைகள் வரிசைகளில், வாங்கும் துறைகள் பத்திகளில். சந்திக்கும் கட்டத்தில் தொகை. 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மத்தியப் புள்ளியியல் அமைப்பும் 1968-69 ஆண்டுக்கான உள்ளீடு-வெளியீடு அட்டவணையில் தொடங்கிப் பல அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது. கோட்டுப் படத்தையும் இத்தகைய அட்டவணையையும் பயனாளிகளிடம் கொடுத்துச் சோதித்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு பயனுள்ள எல்லையைக் காட்டினார்கள். கட்டங்கள் இருபதைத் தாண்டினால், ஏறத்தாழ எல்லா வேலைகளுக்கும் அட்டவணையே மேல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி தேடுவதற்கு மட்டும் கோடுகள் மேல். குளத்துக்கு நீர் வரும் வழி என்பது வழி தேடும் வேலை. ஆகவே பாசனத்துக்குக் கோட்டுப் படமே பொருந்தும். எந்தக் குளத்துக்கு எத்தனை நாள் முறை என்ற கணக்குக்கு அட்டவணை பொருந்தும். இரண்டையும் ஒரே தாளில் திணிக்கிறவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்ய யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், விடை மிக அருகில் இருக்கிறது. குற்றாலமலையின் அடிவாரத்தில், தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில், 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. உலகெங்கும் விற்பனையாகும் மென்பொருளைச் சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் அங்கே எழுதுகிறார்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கு அதன் சொந்த நீர் வலைப்பின்னலை வரைந்து தருவது அவர்களைப் போன்றவர்களுக்கு ஒரு பருவத்து வேலைதான். துறையின் படம், வருவாய்ப் புலப்படம், செயற்கைக்கோள் படம் மூன்றும் மூலங்களாக இருக்கின்றன. இருந்தும் பெருந்தடை ஒன்று உண்டு. அது கணினி சார்ந்ததன்று. எந்த மறுகால் இன்னும் பாய்கிறது, எந்த வரத்துக்கால் வீட்டுமனையாகிவிட்டது, எந்த மடையை முதலில் திறப்பது ஊர் வழக்கம் என்பவை தாளில் இல்லை. அவை நீர் பாய்ச்சும் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களை அழைத்துக்கொண்டு கரையில் நடந்து, ஒவ்வொரு கோடும் ஒட்டியிருக்கிறதா, வெறுமனே தொட்டிருக்கிறதா என்று பார்த்துப் பதிய வேண்டும். ஆக்கிரமிப்பில் போன கோட்டை அழித்துவிடாமல், அறுந்த கோடாகவே காட்ட வேண்டும். அப்படிக் காட்டுவதை விரும்பாதவர்கள் இருப்பார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இராமநதியின் நீரை ஜம்புநதிக்குக் கொண்டுசென்று, கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்கு அளிக்கும் இணைப்புக் கால்வாய் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறோம். கோரிக்கை, மறியல், அறிவிப்பு, ஆய்வு எல்லாம் நடந்திருக்கின்றன. அந்தக் கால்வாயை மேற்சொன்ன படத்தில் விட்டுவிட்ட கோடாக வரைந்து பார்க்கலாம். நிறைவேறாத திட்டத்துக்கு வரைவாளர்களின் மரபு அதுதான். இராமநதி அணை மறுகால் பாயும் நாள்களில் மட்டும் அக்கோட்டில் நீர் ஓடும் என்றால், ஜம்புநதிப் பக்கத்தில் எந்தெந்தக் குளங்கள் எத்தனை நாளில் ஒளிரும்? சாதாரண நாளிலும் திருப்பிவிட்டால், இராமநதிக்கும் கடனாவுக்கும் கீழே எந்தக் கோடுகள் மெலியும், திருப்புடைமருதூரில் எவ்வளவு குறையும்? இரு பக்கத்து உழவர்களும் ஒரே திரையின் முன் அமர்ந்து, தங்கள் தங்கள் குளத்தின்மேல் விரல் வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.